தாய்மாமன் இல்லாத பேனர்

தனசேகரன்: ...அது இல்லம்மா, கம்ப்யூட்டர் எங்கன்னு கேட்டேன்.

நிர்மலா: இதாண்ணா கம்ப்யூட்டரு.

தனசேகரன்: இது டிவி.

நிர்மலா: டிவியில ஒரு ஒயரு மாட்டியிருக்குதுல்ல, அது எங்க போயி முடியுதுன்னு பாருங்க.

தனசேகரன்: போனு இருக்குது.

நிர்மலா: அதாண்ணா கம்ப்யூட்டரு. டிவி சொம்மா பெருசா காட்டறதுக்கு. தோ கீபோர்டு, தோ மவுஸு. எல்லாம் இந்த போனோட வேலதான்.

தனசேகரன்: வெளிய 'நிர்மலா டிஜிட்டல்ஸ்'னு எம்மாம் பெரிய போர்டு. உள்ள வந்து பாத்தா போன வெச்சு வெளாடிக்கினு இருக்க.

நிர்மலா: அந்த போர்டே இதுல போட்டதுதாண்ணா.

தனசேகரன்: பேனரு பத்தடி. போனு கையகலம். எப்பிடிம்மா?

நிர்மலா: எங்கிட்டயும் கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துது. மூணு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில இடி எறங்குச்சு, அதோட சரி. வேற வாங்க வக்கில்ல. வந்த வேலைய திருப்பி அனுப்பவும் மனசில்ல. போன்லயே ஆரம்பிச்சேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... கச்சிராயபாளையத்த சுத்தி இருக்கற அத்தினி பேரு மூஞ்சியும் இப்ப இதுக்குள்ளதான் இருக்குது. இங்க முடிச்சு அனுப்பிட்டா கள்ளக்குறிச்சியில அடிச்சு டவுன் பஸ்ல சுருட்டி குடுத்துடுவாங்க. குந்துங்க. அந்த சேரு இல்ல, அது காலு ஆடும். இப்பிடி, கிட்ட வாங்க.

தனசேகரன்: இங்கயே இருக்கறனே.

நிர்மலா: ஃபேன் சத்தத்துல நீங்க பேசறது காதுல வுழாதுண்ணா. ...ஆங், அப்பிடி. இன்னா விசேஷம்?

தனசேகரன்: மஞ்ச நீராட்டு.

நிர்மலா: உங்க பொண்ணுக்கா?

தனசேகரன்: எனக்கில்லம்மா. நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன்... பொன்னுரங்கம்னு பேரு. அவன் தங்கச்சி பொண்ணுக்கு.

நிர்மலா: ஓ. அப்ப உங்க ஃப்ரெண்டு தாய்மாமன்.

தனசேகரன்: ஆமா.

நிர்மலா: அவரு ஏன் வரல?

தனசேகரன்: கரும்பு வெட்டறதுக்கு ஆளு வந்துருக்குது. வுட்டுட்டு வர முடியல. அதான் நான்.

நிர்மலா: எந்த ஊரு?

தனசேகரன்: நைனார்பாளையம்.

நிர்மலா: அங்கயே பேனர் போடறாங்களேண்ணா. இவ்ளோ தூரம் எதுக்கு பஸ் ஏறி வந்தீங்க?

தனசேகரன்: அங்க குடுத்தா, பேனர் வூடு வந்து சேர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும்.

நிர்மலா: தெரிஞ்சா இன்னா? மாமன்காரரு பேனர் வெக்கறது பெருமைதான?

தனசேகரன்: நீ பேனர் போடறியா, கேள்வி கேக்கறியா?

நிர்மலா: கை பாட்டுக்கு கை, வாய் பாட்டுக்கு வாய். பொண்ணு பேரு சொல்லுங்க.

தனசேகரன்: தேவதர்ஷினி.

நிர்மலா: தே...வ...தர்...ஷினி. தோ, பாருங்க, டிவியில வந்துடுச்சு. நல்லா இருக்குதுண்ணா பேரு. யாரு வெச்சது?

தனசேகரன்: நான்தா... பொன்னுரங்கந்தான். அவன்தான் வெச்சான். அப்பங்காரன் எங்கயோ தேடி, வாயில நொழையாத பேரா ஒண்ணு கொண்டாந்தான். இவன் புள்ளைய மடியில வாங்கி, காதுல மூணு தடவ தேவதர்ஷினி தேவதர்ஷினின்னு சொல்லிட்டான். காதுல சொன்ன பேர மாத்த முடியுமா?

நிர்மலா: தேவதர்ஷினி மட்டும் வாயில நொழையுதா?

தனசேகரன்: வூட்ல 'தேவா'ன்னுதான் கூப்புடறது.

நிர்மலா: கூட இருந்து பாத்தா மாதிரியே சொல்றீங்கண்ணா.

தனசேகரன்: அவன் சொல்லுவான். எந்நேரமும் அந்த புள்ள பேச்சுதான்.

நிர்மலா: சரி. பேக்ரவுண்டு ரோஸ் வெக்கட்டா? பொம்பளப் புள்ளைங்களுக்கு எல்லாரும் அதான் கேக்கறாங்க.

தனசேகரன்: அரக்கு வைம்மா. பொடவ அரக்குல மாம்பழ பார்டரு. அதுக்கு எடுப்பா இருக்கும்.

நிர்மலா: எந்த பொடவ? பொன்னுரங்கம் பொடவ எடுத்து வெச்சிருக்காரா?

தனசேகரன்: பீரோவுல கெடக்குது. சொம்மா எடுத்தான்.

நிர்மலா: பட்டுப்பொடவ யாருண்ணா சொம்மா எடுப்பாங்க?

தனசேகரன்: அவன் எடுப்பான். கிறுக்கன்.

நிர்மலா: அரக்கு வெச்சாச்சு. இப்ப மாமன் போட்டோ. வாட்ஸப்ல அனுப்புங்க.

தனசேகரன்: போட்டோ வேணாம்.

நிர்மலா: வேணாமா?

தனசேகரன்: வேணாம். பேரும் போடாத. 'வாழ்த்தும் தாய்மாமன்'. அவ்ளோதான்.

நிர்மலா: அண்ணா, எங்கிட்ட வர்றவங்க போட்டோவ பெருசாக்கு, மீசைய கருப்பாக்கு, தொப்பைய கொற, பக்கத்துல நிக்கறவன விட ஒரு இஞ்சு ஜாஸ்தி வைன்னுதான் சண்ட புடிப்பாங்க. போன வாரம் ஒருத்தரு தலைக்கு பின்னால ஒளி வட்டம் கேட்டாரு. பேரும் வேணாம் போட்டோவும் வேணாம்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.

தனசேகரன்: நான் கேக்கல. பொன்னுரங்கம் கேக்கறான்.

நிர்மலா: சரி, அவருதான். ஆனா யாரு வெச்சதுன்னு எப்பிடி தெரியும்?

தனசேகரன்: தெரிய வேண்டியவளுக்கு தெரிஞ்சா போதும்.

நிர்மலா: யாருக்கு?

தனசேகரன்: அவன் தங்கச்சிக்கு.

நிர்மலா: ...எங்க கட்டப் போறீங்க?

தனசேகரன்: இங்கதான், தங்கச்சி வூட்டுக்கு போற டேம் ரோட்டு திருப்பத்துல. ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள கட்டிட்டு மொத பஸ்ல போயிடுவேன். ...போயிடுவான்.

நிர்மலா: விசேஷத்துக்கு நிக்க மாட்டாரா?

தனசேகரன்: கூப்புடல.

நிர்மலா: தாய்மாமன கூப்புடாம மஞ்ச நீராட்டா? மொத மாலையே மாமன் போடறதாச்சே.

தனசேகரன்: எனக்கே சொல்லித் தரியா? தெரியும்மா. எல்லாம் தெரியும்.

நிர்மலா: கோச்சுக்காதீங்கண்ணா. தங்கச்சிக்கும் அவருக்கும் இன்னா சண்ட? ரவ சத்தமா சொல்லுங்க.

தனசேகரன்: அது எதுக்கு உனக்கு?

நிர்மலா: தெரிஞ்சா அதுக்கேத்தா மாதிரி வாசகம் போடுவேன்ல.

தனசேகரன்: ...அந்த புள்ளையோட தம்பிக்கு காதுகுத்து வெச்சாங்க. மூணு வருஷம் ஆவுது. இவன் வேன் வெச்சுக்கினு, தட்டு தட்டா சீரு எடுத்துக்கினு, பேண்டு வாத்தியத்தோட வந்து எறங்கறான். புள்ளைய மடியில வெச்சுக்கறதுக்கு புது வேட்டி. வாசல்ல பேனரு. நிமுந்து பாக்கறான். சித்தப்பன் இருக்கான். பெரியப்பன் இருக்கான். சித்தப்பனோட மச்சான் இருக்கான், அவன் வளக்கற நாயி கூட இருக்குது. தாய்மாமன் இல்ல.

நிர்மலா: நாயா?

தனசேகரன்: நாயத் தூக்கி வெச்சுக்கினு போட்டோ குடுத்துருக்கான் அந்த ஆளு. ...சிரிக்கற.

நிர்மலா: இல்லண்ணா.

தனசேகரன்: சிரிக்கற, எனக்கு தெரியுது. அன்னிக்கும் இப்பிடித்தான். கூட வந்தவனே கேக்கறான், இன்னாப்பா, உன்ன விட நாயிக்கு மரியாத ஜாஸ்தியாட்டம் இருக்குதுன்னு. அவ்ளோதான். எறக்குன தட்ட எல்லாம் திருப்பி வேன்ல ஏத்திட்டான்.

நிர்மலா: தங்கச்சி ஒண்ணும் சொல்லலியா?

தனசேகரன்: ஓடியாந்தா. வேன் கதவப் புடிச்சுக்கினு, உன் போட்டோவ நான் குடுத்தேண்ணா, சத்தியமா குடுத்தேண்ணான்னு அழுதா. யாரு கேட்டது? வண்டிய எடுன்னுட்டான்.

நிர்மலா: அப்பறம் பேசவே இல்லியா?

தனசேகரன்: அவ போன் மேல போன் போட்டா. இவன் போன் கடையில குடுத்து அந்த நம்பர பிளாக் பண்ண சொல்லிட்டான். இப்ப அத்த எடுக்கறது எப்பிடின்னு தெரியல. அதே கடைக்காரங்கிட்ட போயி, தங்கச்சி நம்பர எடுத்து வுடுப்பான்னு கேக்க வெக்கம்.

நிர்மலா: அதான் கூப்புடலன்னு நெனச்சுக்கினு இருக்காரு. கூப்ட்டாங்களோ என்னமோ, யாரு கண்டா? ஆளு வுட்டாவது சொல்லியிருக்கலாமே அவங்க.

தனசேகரன்: போன தீவாளிக்கு மச்சான் வந்தாரு, பலகாரம் எடுத்துக்கினு. இவன் கதவே தொறக்கல. அதுக்கு மேல எப்பிடி வருவாங்க?

நிர்மலா: அழுத்தமான ஆளுதான் உங்க ஃப்ரெண்டு.

தனசேகரன்: மடையன்.

நிர்மலா: அண்ணா... அந்த காதுகுத்து பேனரு பச்சையா இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் மயிலு?

தனசேகரன்: மயிலு இருந்துது. உனக்கு எப்பிடி தெரியும்?

நிர்மலா: அது நான் போட்டதா இருக்கும்.

தனசேகரன்: நீயா?

நிர்மலா: கம்ப்யூட்டர் போயி, போன்ல போட ஆரம்பிச்ச புதுசு. அப்ப டிவியில மாட்டலாம்னே எனக்கு தெரியாது. எல்லாம் இந்த கையகல கண்ணாடியிலதான். ஒவ்வொரு மூஞ்சியும் அரிசி மாதிரி தெரியும். இருங்க, நான் எதையும் அழிக்கல, மெமரி கார்டுல இருக்கும். காதுகுத்து... காதுகுத்து களமருதூரு... காதுகுத்து இளஞ்செழியன் வூடு. இதுவா?

தனசேகரன்: இதான். மச்சான் வூடுதான். தோ, நாயி.

நிர்மலா: ஆமா, நாயிதான். ...அண்ணா, ஒரு நிமிஷம். இதுல ஒவ்வொண்ணும் தனித்தனி தாளு மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கும். எத்தினி தாளுன்னு இந்த ஓரத்துல காட்டும். சித்தப்பா இருக்காரு. பெரியப்பா. நாயிக்காரரு. மயிலு. மாலை... மாலைக்கு கீழ இன்னும் ஒண்ணு இருக்குதே.

தனசேகரன்: இன்னா அது?

நிர்மலா: மேல தொங்குது பாருங்க, பெரிய சாமந்தி மாலை. அதுக்கு அடியில. ...இந்த மவுஸ புடிங்க.

தனசேகரன்: எனக்கு இதெல்லாம் வராது.

நிர்மலா: வரும். சாமந்தி மேல வெச்சு அமுக்கிக்கங்க. ஆங். வுடாதீங்க, அப்பிடியே ஓரமா இஸ்துக்கினு போங்க. மெதுவா.

தனசேகரன்: நவுருதும்மா... கீழ யாரோ...

நிர்மலா: பாருங்கண்ணா, நட்ட நடுவுல. எல்லாருக்கும் மேல, எல்லார விடவும் பெருசா. வெள்ள சட்ட. மீசை மட்டும் இப்ப நரச்சுப் போச்சு.

தனசேகரன்: குடுத்துருக்கா.

நிர்மலா: குடுத்துருக்காங்க.

தனசேகரன்: சத்தியம்தாம்மா பண்ணியிருக்கா. நடுத்தெருவுல நின்னு, அத்தினி பேரு எதுர்ல...

நிர்மலா: தப்பு என்னுதுண்ணா. மாலைய கடைசியா கொண்டாந்து மேல வெச்சிருக்கேன். சின்ன கண்ணாடியில மாலையும் தலையும் பிரிஞ்சு தெரியல போல. அப்பிடியே அச்சுக்கு அனுப்பிட்டேன். என்ன திட்டுங்க.

தனசேகரன்: உன்ன இன்னாத்துக்கு திட்டறது? நீ மாலதான வெச்ச. தட்ட திருப்பி ஏத்துனது நான்.

நிர்மலா: பொன்னுரங்கம்னு சொன்னீங்க.

தனசேகரன்: அவன் எங்க ஊரு டிராக்டர்காரன். அவனுக்கு தங்கச்சியே கெடையாது.

நிர்மலா: தண்ணி குடிங்கண்ணா.

தனசேகரன்: இரு... யாரோ அழுவறாப்ல கேக்குது.

நிர்மலா: நீங்கதாண்ணா அழுவறீங்க.

தனசேகரன்: நானா?

நிர்மலா: தோ, தொடச்சுக்கங்க.

தனசேகரன்: ...இந்நேரம் ஓலையே கட்டியிருப்பாங்க.

நிர்மலா: பச்ச ஓலையா?

தனசேகரன்: மாமங்காரன்தானம்மா தென்ன ஓலை கட்டி குடிசை போடணும், பொண்ணு அதுல குந்தறதுக்கு. மாமன் வரலன்னா பங்காளி எவனாவது கட்டியிருப்பான். அந்த புள்ள நடக்கப் பழகுனதே எங்க வூட்லதான். தூக்கம் வரலன்னா தோள்ல போட்டுக்கினு கரும்புக் கொல்லைய சுத்தி சுத்தி வருவேன். அது வயசுக்கு வந்துடுச்சுன்னு பால் ஊத்தற எடத்துல எவனோ சொல்லி கேட்டேன். எவனோ சொல்லி. அது குந்தற குடிசைய வேற ஒருத்தன் கட்டறான்னு நெனச்சா சோறு எறங்கல எனக்கு.

நிர்மலா: பேனர்ல போட்டோ வெக்கட்டா இப்ப?

தனசேகரன்: வேணாம்மா. கூப்புடாத எடத்துல மூஞ்சிய கட்டித் தொங்க வுட்டா, மச்சான் வூட்டு ஆளுங்க சிரிப்பாங்க.

நிர்மலா: அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும். தங்கச்சி சந்தோஷப்படுவாங்களா இல்லியா?

தனசேகரன்: தெரியல. நான் பண்ணதுக்கு அவ என் மூஞ்சிய பாப்பாளான்னே தெரியல. அதான் மூஞ்சி வேணாம்னு சொன்னேன். பேனர பாத்தா போதும். அண்ணன் வந்துட்டுப் போனான்னு தெரிஞ்சா போதும்.

நிர்மலா: நேர்ல வந்து நின்னா இன்னா சொல்லுவீங்க?

தனசேகரன்: யாரு?

நிர்மலா: உங்க தங்கச்சி. இப்ப எதுர்ல நிக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. இன்னா சொல்லுவீங்க?

தனசேகரன்: சாப்டியாம்மான்னு கேப்பேன்.

நிர்மலா: அவ்ளோதானா? மூணு வருஷத்துக்கு?

தனசேகரன்: வேற இன்னா கேக்கத் தெரியும் எனக்கு? அம்மா போனப்பறம் நான்தான் ஆக்கிப் போட்டேன் அவளுக்கு. ஸ்கூல் வுட்டு வந்தா அத்தத்தான் கேப்பேன். கல்யாணம் முடிஞ்சு கார்ல ஏறுனப்பவும் அத்தத்தான் கேட்டேன். அவ சிரிச்சா, அழுதுக்கினே.

நிர்மலா: அண்ணா, நீங்க உள்ள வரும்போதே நீங்க யாருன்னு எனக்கு தெரியும்.

தனசேகரன்: எப்பிடி?

நிர்மலா: காலையில இருந்து உங்க மூஞ்சியத்தான் வெட்டி ஒட்டிக்கினு இருக்கேன். உங்க தங்கச்சி பேனர் போட சொல்லியிருக்காங்க. எங்கண்ணன் போட்டோ இருக்கறதுலயே பெருசா இருக்கணும், மத்தவங்கள்ல யாரு வுட்டுப் போனாலும் பரவாயில்லன்னாங்க. அந்த போட்டோவப் பாத்துக்கினு இருக்கும்போது நீங்களே படி ஏறி வரீங்க.

தனசேகரன்: சொல்லவே இல்லியேம்மா நீ.

நிர்மலா: நீங்க பொன்னுரங்கம்னு ஆரம்பிச்சீங்க. நான் எப்பிடி சொல்றது? ...இன்னொண்ணு இருக்குது. கோச்சுக்கக் கூடாது.

தனசேகரன்: இனிமே யாரு மேல கோச்சுக்கப் போறேன்? சொல்லு.

நிர்மலா: இது டிவியில மாட்டுனா கம்ப்யூட்டர் வேல எல்லாம் செய்யும். ஆனாலும் போனுதாண்ணா. நீங்க வந்தப்ப அவங்க கூடத்தான் ஸ்பீக்கர்ல பேசிக்கினு இருந்தேன். உங்க கொரலு கேட்டதும் அவங்க பேச்சு நின்னுப் போச்சு. எனக்கு கட் பண்ண மனசு வரல. அவங்களும் கட் பண்ணல.

தனசேகரன்: அப்ப... இம்மா நேரமும்...

நிர்மலா: கேட்டுக்கினுதான் இருக்காங்க. பேசுங்க.

தனசேகரன்: ...விஜயா... சாப்டியாம்மா?

விஜயலட்சுமி: இன்னும் இல்லண்ணா. ஓலைய வெட்டியாந்து போட்டு வாசல்லயே காஞ்சுக்கினு கெடக்குது, ஒருத்தனையும் தொட வுடல. நீ வந்து கட்டு. அப்பால ரெண்டு பேருமா சாப்புடலாம்.